ஊராட்சி மாநகராட்சியோடு இணைந்தால் உங்கள் வாக்கு என்னவாகும்?

ஒரு நகரம் வளர்ந்து பக்கத்து ஊர்களைத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ளப் போகிறது என்ற செய்தி வந்ததும், அந்த ஊர்களில் முதலில் எழும் கேள்விகள் வீட்டு வரி எவ்வளவு உயரும், நூறு நாள் வேலை நின்றுவிடுமா, குடிநீர்க் குழாய் எப்போது வரும் என்பவையாகவே இருக்கின்றன. அவை நியாயமான கேள்விகள்தான். ஆனால், 'இனி நான் யாருக்கு வாக்களிப்பேன், எப்போது வாக்களிப்பேன்?' என்ற கேள்வி பெரும்பாலும் தேர்தல் அறிவிப்பு வந்த பிறகே நினைவுக்கு வருகிறது. அதற்குள் வார்டு எல்லைகள் வரையப்பட்டு, இட ஒதுக்கீடும் முடிவாகி, மாற்ற முடிந்தவற்றில் பெரும்பகுதி கைநழுவிப் போயிருக்கும். இணைப்பினால் யாருடைய வாக்குரிமையும் சட்டப்படி பறிபோவதில்லை. அந்த வாக்கைச் செலுத்தும் காலமும், அதன் எண்ணிக்கையும், அதன் எடையும்தான் மாறுகின்றன. தமிழ்நாட்டை, அதிலும் 2011-இல் நிகழ்ந்த சென்னை மாநகராட்சி விரிவாக்கத்தை முன்வைத்து இதை விளக்க முயல்கிறேன்.

முதலில், எது மாறாது என்று பார்த்துவிடலாம். மக்களவை, சட்டமன்றத் தொகுதிகளின் எல்லைகளுக்கும் உள்ளாட்சி எல்லைகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தமிழ்நாட்டில் இப்போதுள்ள தொகுதி எல்லைகள் 2009 மக்களவைத் தேர்தலிலிருந்து நடைமுறையில் இருப்பவை. அதன் பிறகு எத்தனை ஊராட்சிகள் மாநகராட்சிகளில் இணைந்தாலும் அவை அசையவில்லை. சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதியை எடுத்துக்கொண்டால், அதன் ஒரு பகுதி சென்னை மாநகராட்சிக்குள்ளும் மேடவாக்கம், பெரும்பாக்கம் போன்ற பகுதிகள் மாநகராட்சிக்கு வெளியே ஊராட்சிகளாகவும் இருந்துவந்திருக்கின்றன. நீலாங்கரைவாசியும் மேடவாக்கத்துக்காரரும் ஒரே சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள். உள்ளாட்சித் தேர்தலிலோ ஒருவர் மாமன்ற உறுப்பினருக்கும் மற்றவர் ஊராட்சி மன்றத் தலைவருக்கும் வாக்களிப்பார்கள். எனவே இணைப்பு தொடுவது உள்ளாட்சி வாக்கை மட்டுமே. வாக்காளர் அடையாள அட்டை செல்லாததாகிவிடும் என்று சில இடங்களில் பரவும் அச்சத்துக்கும் அடிப்படை இல்லை.

அப்படியானால், தங்கள் ஊர் நகரத்தோடு சேரலாமா வேண்டாமா என்பதிலேயே மக்களுக்கு வாக்கு உண்டா? நம் நாட்டில் இல்லை. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் வழியாகச் சேர்க்கப்பட்ட 243-கியூ பிரிவு, மக்கள்தொகை, மக்கள் நெருக்கம், உள்ளாட்சி வருவாய், வேளாண்மை சாராத வேலைகளில் இருப்போரின் விகிதம், பொருளாதார முக்கியத்துவம் முதலியவற்றைக் கருதி எந்தப் பகுதி நகர்ப்புறம் என்பதை ஆளுநர் அறிவிக்கையால் குறிப்பிடலாம் என்கிறது. நடைமுறையில் அது மாநில அரசின் முடிவு. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போடலாம், ஊர்மக்கள் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்; அவற்றுக்கு அரசியல் எடை உண்டு, கட்டுப்படுத்தும் எடை இல்லை. எனினும், கருத்தே கேட்காமல் சேர்த்துவிட முடியுமா என்ற வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன. இமாச்சலப் பிரதேசத்தில் ஊராட்சியைச் சேர்ந்த நிலப்பரப்பு நகர்ப்புற அமைப்போடு சேர்க்கப்பட்ட வழக்கில், பாதிக்கப்படுவோர் தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்கப்பட வேண்டும் என்று 1987-இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதற்கும், அதன்படி நடக்க வேண்டும் என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது வாக்காளர் பட்டியல். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் அது வீடு வீடாகச் சென்று புதிதாகப் பட்டியல் எடுப்பதில்லை. இந்தியத் தேர்தல் ஆணையம் தயாரித்த சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை எடுத்து, அதிலுள்ள பெயர்களைத் தெருவாரியாக வார்டுகளுக்குப் பிரித்துக்கொள்கிறது. ஆகவே சட்டமன்றப் பட்டியலில் உங்கள் பெயர், நீங்கள் இப்போது குடியிருக்கும் முகவரியில் இருந்தால், மாநகராட்சி வாக்காளராவதற்கென்று தனி விண்ணப்பம் எதுவும் தேவையில்லை. இங்கே குடிவந்த பிறகும் பெயரைச் சொந்த ஊரிலேயே விட்டுவைத்திருப்பவர்களுக்குத்தான் சிக்கல், அவர்கள் படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றியாக வேண்டும். புதிய வாக்காளர்களுக்குப் படிவம் 6. இதில் பிழை நேரக்கூடிய இடம் தெருவைப் பிரிக்கும் வேலைதான். ஊராட்சியாக இருந்தபோது 'மெயின் ரோடு', 'பள்ளிக்கூடத் தெரு' என்று ஒவ்வோர் ஊரிலும் ஒரே பெயரில் தெருக்கள் இருந்திருக்கும். நான்கைந்து ஊர்கள் ஒன்றாகும்போது அவற்றில் ஒன்று பக்கத்து வார்டின் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்வதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

வாக்கின் எண்ணிக்கை மாறுவது பலருக்கும் புதிய செய்தியாக இருக்கலாம். 2019 டிசம்பரில் தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது வாக்குச்சாவடிக்குச் சென்ற கிராமத்து வாக்காளர் ஒருவர் நான்கு வாக்குகள் செலுத்தினார்: ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு ஒன்று, ஊராட்சி மன்றத் தலைவருக்கு இளஞ்சிவப்புத் தாளில் ஒன்று, ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சைத் தாளில் ஒன்று, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள் தாளில் ஒன்று. நான்கையும் முத்திரையிட்டு, மடித்துப் பெட்டியில் போட்டார். 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மாநகராட்சி வாக்காளருக்கு இருந்தது ஒரே வாக்கு. தன் வார்டின் மாமன்ற உறுப்பினருக்காக மின்னணு இயந்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்தியதோடு அவர் வேலை முடிந்தது. மேயரை மாமன்ற உறுப்பினர்கள் பிறகு கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் நிலைமை வேறு: அப்போது மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்ததால் மாநகராட்சி வாக்காளருக்கு இரண்டு வாக்குகள் இருந்தன. மேயர் தேர்தல் நேரடியா மறைமுகமா என்பதைத் தமிழ்நாட்டில் சட்டமன்றம் அடிக்கடி மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

ஆக, இணைப்புக்குப் பின் நான்கு ஒன்றாகிறது. எண்ணிக்கை குறைந்ததனாலேயே உரிமை குறைந்தது என்று வாதிட நான் வரவில்லை. மாவட்ட ஊராட்சி உறுப்பினர் யார் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத வாக்காளர்களே ஊரில் அதிகம். ஆனால் ஊராட்சி மன்றத் தலைவர் என்பது வேறு சங்கதி. அவர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், ஊருக்குள்ளேயே இருப்பவர், தெருவிளக்கு எரியாவிட்டால் வாசலில் போய் நின்று கேட்கக்கூடியவர். ஊராட்சியின் ஒரு வார்டில் சில நூறு வாக்காளர்களே இருப்பார்கள். சென்னை மாநகராட்சியின் ஒரு வார்டில் சராசரியாக முப்பதாயிரம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். அதோடு, ஊரின் எல்லா வாக்காளர்களும் உறுப்பினர்களாக இருக்கும் கிராம சபையும் இணைப்போடு போய்விடுகிறது. அதற்கு ஈடாக, மாநகராட்சிகளில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்க 2022-இல் தமிழக அரசு விதிகள் வகுத்தது. கிராம சபையின் பழக்கமும் வேரும் அவற்றுக்கு இன்னும் வரவில்லை என்பது என் கருத்து.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானதாக நான் கருதும் காலப் பிரச்சினைக்கு வருகிறேன். ஊராட்சியின் பதவிக்காலம் ஐந்தாண்டு, மாநகராட்சியின் பதவிக்காலமும் ஐந்தாண்டு. ஆனால் இரண்டும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இரண்டு கடிகாரங்களும் ஒத்து ஓடினால் இணைக்கப்பட்டவர்கள் ஒரு நாள்கூடப் பிரதிநிதி இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. சென்னையில் 2011-இல் அதுதான் நடந்தது. அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர், மாதவரம் உள்ளிட்ட 9 நகராட்சிகள், போரூர், பெருங்குடி, பள்ளிக்கரணை உள்ளிட்ட 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என மொத்தம் 42 உள்ளாட்சிகள் சென்னையோடு சேர்ந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சென்னை மாமன்றம், அந்த 42 மன்றங்கள் ஆகிய எல்லாமே 2006 அக்டோபரில் தேர்தல் கண்டவை என்பதால், எல்லாவற்றின் காலமும் 2011 அக்டோபரில் சேர்ந்தே முடிந்தது. புதிய எல்லையின்படி வார்டுகள் முன்னதாகவே வரையப்பட்டிருந்தன. 2011 அக்டோபர் 17 அன்று பழைய சென்னைக்காரரும் புதிதாகச் சேர்ந்தவரும் ஒரே நாளில், ஒரே மேயருக்கு வாக்களித்தார்கள். இணைப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு, குறைந்தபட்சம் இந்த ஒரு விஷயத்தில், அதை மாதிரியாகச் சொல்லலாம்.

கடிகாரங்கள் ஒத்துப்போகாத போது என்ன ஆகும் என்பதைப் பிற்காலம் காட்டியது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-இல் பதவிக்காலம் முடிந்தது. நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போனது. 2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்ப்புற மன்றங்களின் காலமோ 2027 மார்ச் வரை. இந்த இடைவெளியில் ஓர் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைத்தால், அங்கே வசிப்பவருக்கு ஊராட்சித் தலைவரும் இல்லை, அவர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மாமன்ற உறுப்பினரும் இல்லை. வரியும் கட்டணமும் எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் மன்றம் ஒன்று இருக்கும். அதில் அவருடைய வாக்கினால் உட்கார்ந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். அடுத்த நகர்ப்புறத் தேர்தல் வரை அவருக்கு வாக்குரிமை ஏட்டில் மட்டுமே இருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்ப வழியே இல்லையா என்றால், உண்டு. மகாராஷ்டிரத்தில் புணே மாநகராட்சியோடு 2017-இல் 11 கிராமங்கள் இணைக்கப்பட்டன. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அங்கே மாநகராட்சித் தேர்தல் முடிந்திருந்தது. அடுத்த தேர்தல் வரை அவர்களைக் காத்திருக்கச் சொல்லாமல், அந்தக் கிராமங்களுக்கென இரண்டு இடங்கள் கூட்டப்பட்டு 2019-இல் தேர்தல் நடத்தப்பட்டது. 162 ஆக இருந்த மன்றம் 164 ஆனது. 11 கிராமங்களுக்கு இரண்டு பேர் போதுமா என்பது வேறு கேள்வி. ஆனால் மன்றத்தின் நடுக்காலத்திலும் புதியவர்களுக்கு இடம் கொடுக்க முடியும் என்பதற்கு அது சான்று. வேடிக்கை என்னவென்றால், அதே புணேயில் 2021-இல் மேலும் 23 கிராமங்கள் சேர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்து, அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேர்தலே இல்லாமல் நகரம் முழுவதும் நிர்வாக அதிகாரியின் கீழ் இருந்தது. அந்த வகையில் பழையவர், புதியவர் என்ற பேதம் மறைந்து எல்லோரும் சமமாகத்தான் இருந்தார்கள்.

சென்னைக்கும் அந்த அனுபவம் உண்டு. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு என்று இழுத்துக்கொண்டே போய், 2022 வரை மாமன்றமே இல்லை. 2011-இல் இணைந்த பகுதிகள், முதல் மாமன்றத்தின் ஐந்தாண்டுகளுக்குப் பின் அதைவிட நீண்ட ஒரு காலத்தைத் தனி அலுவலர் ஆட்சியிலேயே கழித்தன. இத்தனைக்கும் அரசியலமைப்பின் 243-யு பிரிவு, நகர மன்றத்தின் ஐந்தாண்டு முடிவதற்கு முன்பே தேர்தல் நடத்தி முடிக்கப்பட வேண்டும் என்கிறது. அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இயற்கைப் பேரிடர் போன்ற அசாதாரணச் சூழல் தவிர வேறெதையும் காட்டி இந்தக் கெடுவைத் தாண்டக் கூடாது என்று தெளிவாகவே கூறியிருந்தது. எல்லை விரிவும் வார்டு மறுவரையறையும் எதிர்பாராமல் வரும் பேரிடர்கள் அல்ல என்பது நாம் எல்லோரும் அறிந்ததே.

கடைசியாக எடை. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனால் பத்தாயிரம் பேர் கொண்ட வார்டும் நாற்பதாயிரம் பேர் கொண்ட வார்டும் மன்றத்துக்கு ஆளுக்கொரு உறுப்பினரை அனுப்பினால், முதல் வார்டில் இருப்பவரின் வாக்குக்கு நான்கு மடங்கு எடை. விரிவாக்கத்துக்கு முன் சென்னையில் 155 வார்டுகள் இருந்தன. விரிவாக்கத்துக்குப் பின் மொத்தம் 200 என்று ஆக்கப்பட்டு, பழைய நகரத்தின் 155 வார்டுகள் 107 ஆகச் சுருக்கப்பட்டன. மீதி 93 புதிய பகுதிகளுக்குச் சென்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பழைய எல்லைக்குள் சுமார் 46 லட்சம் பேர், விரிந்த நகரத்தில் சுமார் 67 லட்சம் பேர். வகுத்துப் பார்த்தால், பழைய நகரத்தில் ஒரு வார்டுக்கு ஏறத்தாழ 43 ஆயிரம் பேர், புதிய பகுதிகளில் 22 ஆயிரம் பேர். அதாவது, இணைக்கப்பட்டவர்களின் குரல் பெரிய நகரத்துக்குள் அமுங்கிவிடும் என்ற வழக்கமான அச்சத்துக்கு நேர்மாறாக, அவர்களது வாக்குக்கு அன்று ஏறக்குறைய இரு மடங்கு எடை கிடைத்திருந்தது. பரப்பு பெரிது, குடியேற்றம் வேகமாக நடக்கும் என்று பார்த்தால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. பெருநகரத்தின் நடுவில் நெருக்கமாக வாழ்ந்தவர்களின் பக்கமிருந்து பார்த்தால் அதே கணக்கு கசக்கும்.

எடையை வேண்டுமென்றே சாய்ப்பதற்கு இணைப்பு ஒரு கருவியாக முடியும் என்பதற்கு அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரம் உதாரணம். வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரான அங்கே கறுப்பின மக்கள் 52 சதவீதமாகி, நகர மன்றத்தில் பெரும்பான்மை பெறும் நிலை நெருங்கியிருந்தது. 1970 ஜனவரி 1 அன்று பக்கத்து செஸ்டர்ஃபீல்டு மாவட்டத்திலிருந்து சுமார் 47 ஆயிரம் பேர் வசித்த, ஏறத்தாழ முழுக்க வெள்ளையர் பகுதி ஒன்று நகரத்தோடு சேர்க்கப்பட்டது. கறுப்பினத்தாரின் பங்கு 42 சதவீதமாக இறங்கியது. அங்கே அப்போது வார்டு என்பதே கிடையாது. மன்றத்தின் ஒன்பது பேரையும் நகரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் முறை இருந்ததால், பெரும்பான்மையாக இருப்பவர்கள் எல்லா இடங்களையும் அள்ளிச் செல்ல முடியும். புதிதாகச் சேர்ந்தவர்களும் அதே ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தார்கள். கர்டிஸ் ஹோல்ட் என்ற கறுப்பினக் குடிமகன் தொடுத்த வழக்கு உள்ளிட்ட சட்டப் போராட்டங்களால் அடுத்த தேர்தல் 1977 வரை நிறுத்திவைக்கப்பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1975-இல் இணைப்பை ரத்து செய்யவில்லை. ஆனால் கறுப்பினத்தாருக்கு விரிந்த நகரத்தில் அவர்களுடைய பலத்துக்கு ஏற்ற இடம் கிடைக்கும் வகையில் ஒன்பது தனித்தனி வார்டுகள் வரையப்படுவது போதுமான பரிகாரம் என்ற வழியைத் திறந்தது. 1977 மார்ச்சில் நடந்த வார்டுவாரித் தேர்தலில் ஒன்பதில் ஐந்து இடங்களைக் கறுப்பினத்தார் வென்றனர். ஹென்றி மார்ஷ் நகரத்தின் முதல் கறுப்பின மேயரானார். எல்லைக்கோடு ஒன்றுதான், வார்டுக் கோடுகள் மாறியதும் முடிவே தலைகீழானது.

நம் ஊரிலும் கோடு வரையும் கட்டம்தான் வாக்காளர் உள்ளே நுழையக்கூடிய ஒரே கட்டம். இறுதி அறிவிக்கை வந்த பிறகு, வார்டு எல்லைகளை வகுக்கும் சட்டத்தையும் உத்தரவையும் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்குவதற்கு 243-இசட்ஜி பிரிவு தடை போடுகிறது. அதற்கு முன்பு, வரைவு எல்லைகள் வெளியிடப்பட்டு ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் கேட்கப்படும். அப்போது கொடுக்கும் மனுவில் 'எங்கள் ஊரைப் பிரிக்காதீர்கள்' என்று மட்டும் எழுதினால் அது கோரிக்கைகளின் குவியலில் ஒன்றாகிவிடும். எந்தத் தெரு எந்த வார்டில் காட்டப்பட்டிருக்கிறது, அந்த வார்டின் மக்கள்தொகை எவ்வளவு, பக்கத்து வார்டுக்கும் அதற்கும் வித்தியாசம் எவ்வளவு, நடுவில் ஏரியோ ரயில் பாதையோ நெடுஞ்சாலையோ குறுக்கிடுகிறதா என்பவற்றைத் தெருப்பெயர்களோடும் எண்களோடும் எழுதிக் கொடுத்தால், அதற்கு எழுத்தில் பதில் கேட்கவும் முடியும். பழைய ஊராட்சியில் பட்டியல் சாதியினருக்கோ பெண்களுக்கோ ஒதுக்கப்பட்டிருந்த தலைவர் பதவி இணைப்போடு இல்லாமல் போகிறது. புதிய வார்டுகளில் ஒதுக்கீடு மறுபடி தொடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் என்பதால், வார்டுவாரியாகப் பட்டியல் சாதியினரின் எண்ணிக்கை சரியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று அந்த வரைவிலேயே சரிபார்ப்பது நல்லது. வேட்பாளராக நிற்க எண்ணுபவர்கள், வயது 21 நிறைந்திருப்பதோடு, தங்கள் பெயர் அந்த மாநகராட்சியின் பட்டியலுக்குள் வந்துவிட்டதா என்பதையும் அதே சமயத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.